குஞ்சனின் நிறை

“இன்னும் ரெண்டு வாய் தின்னடா குஞ்சன், டொக்டர் வாற நேரமாச்சு!”

குஞ்சன் கேட்டால்தானே! அவித்த மீனை ஒரு தரம் மோந்து பார்த்தது. பிறகு மின்விசிறிக்குக் கீழே போய், சீமெந்துத் தரையில் வயிற்றைப் பரப்பிக்கொண்டு படுத்துவிட்டது.

இராசேஸ்வரிக்கு இருப்புக்கொள்ளவில்லை. குசினிக்கும் விறாந்தைக்குமாக நடந்தாள். வாசல் படலையை எட்டிப் பார்த்தாள். திரும்பி வந்து பூனையைத் தூக்கிப் பார்த்தாள். கல்லுப் போலக் கனக்கத்தான் செய்தது. ஆனால் போன மாதமும் இப்படித்தானே கனத்தது? நிறை குறைந்துவிட்டது என்று டொக்டர் சொல்லவில்லையா?

சும்மா ஊர்ப்பூனை என்றால் அவள் ஏன் இந்தப் பாடு படப்போகிறாள்? இது பிரிட்டிஷ் ஷோர்ட்ஹெயார். சூரிச்சில் இருக்கும் மகன் சாருஜன், தகப்பனின் ஆட்டைத்திவசம் முடிந்த கையோடு கொழும்பில் சொல்லிவைத்து, வட்டக்கச்சி வீட்டு வாசலிலேயே கொண்டுவந்து இறக்கிய சாதிப் பூனை. சாம்பல் நீலத்தில் அடர்த்தியான குட்டை மயிர், பணிஸ் மாதிரி உப்பிய கன்னம். அவன் வைத்த பெயர் ஒஸ்கர். அது அவளுடைய வாயில் நுழையாமல் குஞ்சன் என்றாகிவிட்டது.

வந்த அன்று, “எனக்கேனடா இந்தச் சனியன்?” என்று போனில் கத்தியவள்தான். இப்போது அது காலடியில் படுக்காவிட்டால் அவளுக்கு நித்திரை வராது.

ஆனால் வளர்ப்பதென்பது லேசுப்பட்ட வேலையா? வெளியில் விடக்கூடாது, நாய் கடிக்கும், உண்ணி ஏறும். ரப்பர் சீப்பால் மயிரை வாரிவிட வேண்டும். வெயில் ஏறினால் ஈரத் துவாய் விரிக்க வேண்டும். எல்லாவற்றையும்விடப் பெரிய கரைச்சல் சாப்பாடு. தனியே வைத்தால் தின்னாதாம். பக்கத்தில் ஆள் இருந்து, அந்த ஆளும் வயிறாரச் சாப்பிட்டால்தான் இந்தச் சாதிக்குத் தின்ன மனம் வருமாம். டொக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தான். ஒரு பிளேன்ரீயோடு பகலைப் போக்காட்டிக்கொண்டிருந்தவள், ஒரு பூனைக்காகச் சோறு, கறி, சொதி என்று மூன்று நேரமும் அடுப்படியில் நிற்க வேண்டியதாயிற்று. என்ன காலமோ!

போன் அடித்தது. மகன்தான்.

“அம்மா, முன்ஸிர் வந்திட்டானோ?”

“இன்னும் இல்லையடா. நீ ஏன் சும்மா சும்மா எடுத்து என்னைப் பதறப் பண்ணுறாய்?”

“இந்த முறையும் குறைஞ்சுதெண்டால் ஒஸ்கரைத் திருப்பிக் குடுத்திடுவன், சொல்லிப்போட்டன்.”

“குடுப்பாய், குடுப்பாய்! என்னையும் சேர்த்துக் கட்டிக் குடு!”

போனை வைத்துவிட்டாள். கண் கலங்கிவிட்டது. அந்த மனுசன் போன பிறகு இந்த வீடு எப்படிக் கிடந்தது என்று இவனுக்கென்ன தெரியும், எங்கேயோ இருந்துகொண்டு! குஞ்சனையும் கொண்டுபோய்விட்டால் அவள் யாரோடு கதைப்பாள்?

படலையடியில் மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. மிருக டொக்டர் முன்ஸிர், வவுனியாவில் சாருஜனோடு ஒரே வகுப்பில் படித்தவன். தராசைக் கொண்டுவந்து விறாந்தையில் வைத்தான்.

“போன மாதம் ஏன் குறைஞ்சது தெரியுமோ அம்மா? வற்றாப்பளை அம்மன் பொங்கலுக்கெண்டு நீங்கள் விரதம் பிடிச்சனியள். நீங்கள் சாப்பிடேல்லை, அதுவும் சாப்பிடேல்லை.”

“அது கோப்பையை வழிச்சு நக்கினது தம்பி, அம்மாளாணை!”

“உங்களுக்கு அப்பிடித் தெரிஞ்சிருக்கும். தராசு பொய் சொல்லுமோ? சரி, இந்த மாதம் எப்பிடி?”

“மூண்டு நேரமும் அதுக்கு முன்னாலை குந்தியிருந்து விழுங்கினனான். பசியாட்டிலும் விழுங்கினனான். காணுமோ?”

“பாப்பம். ஏறுங்கோ.”

குஞ்சன் தராசில் தனியே ஒரு கணம் நிற்காது. அதனால் அதைத் தூக்கிக்கொண்டு இராசேஸ்வரி ஏறுவாள்; பிறகு இறக்கிவிட்டு அவள் மட்டும் ஏறுவாள். ஒன்றிலிருந்து மற்றதைக் கழித்தால் பூனையின் நிறை. கண்ணாடி போடாமல் அவளுக்கு இலக்கம் தெரியாது, முன்ஸிர்தான் பார்த்துச் சொல்லுவான்.

குஞ்சனை மார்போடு அணைத்துக்கொண்டு ஏறினாள். கண்ணை இறுக்க மூடிக் கண்ணகை அம்மனைக் கூப்பிட்டாள்.

“சரி, இறக்கிப்போட்டுத் தனிய ஏறுங்கோ.”

ஏறினாள். முன்ஸிர் குனிந்து பார்த்தான். பார்த்துக்கொண்டே இருந்தான்.

“என்ன தம்பி, குறைஞ்சிட்டுதோ? கொண்டுபோகப் போறியளோ? வாயைத் திறந்து சொல்லுங்கோவன்!”

“கூடியிருக்கம்மா! நல்லாக் கூடியிருக்கு. பூனை இனி உங்களோடைதான்.”

இராசேஸ்வரிக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. குஞ்சனை வாரியெடுத்து, அது திமிறத் திமிறக் கொஞ்சினாள். இப்படி நல்ல சேதி சொன்ன பிள்ளையை வெறுங்கையோடு அனுப்பலாமோ? பின்வளவுக்கு ஓடி நாலைந்து முருங்கைக்காயைப் பிடுங்கிக்கொண்டு படலைக்கு வந்தாள்.

முன்ஸிர் முதுகைக் காட்டிக்கொண்டு நின்று போனில் கதைத்துக்கொண்டிருந்தான்.

“ஓம் மச்சான், ரெண்டு கிலோ கூட. இனி நீ பயமில்லாமல் வேலைக்குப் போ.”

ரெண்டு கிலோவோ! ஒரு மாதத்தில் ஒரு பூனை ரெண்டு கிலோ ஏறுமோ? இராசேஸ்வரி திகைத்துப்போய் நின்றாள்.

“பூனையோ?” முன்ஸிர் சிரித்தான். “அதுக்கென்ன, அது எப்பவும் குண்டுதானடா. அதைக் கையிலை குடுக்காட்டில் உன்ர அம்மா தராசிலை ஏறுவாவோ?”