மேப்பிள் தோரணம்

இதைச் செய்தவனை ஒருமுறையாவது பார்த்துவிட வேண்டும் என்று நினைத்துக்கொண்டாள் கோமளா. டான்ஃபோர்த் தெருப் பூக்கடையின் கண்ணாடிக்குள், சிவந்த மேப்பிள் இலைகள் மாவிலைத் தோரணம் போலத் தொங்கின. காய்ந்த சோளத்தட்டைகளுக்கு நடுவே ஒற்றைச் சாமந்தி எட்டிப் பார்த்தது. நடுத்தெருவிலேயே ஒரு சுற்றுச் சுற்றி ஆடலாம் போலிருந்தது அவளுக்கு.

இரவுச் சாப்பாட்டின்போதும் அதே பேச்சுதான். "அவன் மனுஷனே இல்லீங்க, கந்தர்வன்!"

"பூக்கட்டுறவன் கந்தர்வனா? எதிர்ல இன்ஜினியர் ஒருத்தன் உட்கார்ந்திருக்கேன்" என்றான் கணவன் ரகுநாதன்.

"உங்க பாலத்து ப்ளானைப் பார்த்து யாராவது சந்தோஷத்துல குதிச்சிருக்காங்களா? நாளைக்கு உள்ளே போய் அவன்கிட்டப் பேசப் போறேன்."

ரகுநாதனுக்குப் புரையேறியது. "வேண்டாம். கடைக்காரங்க விரட்டுவாங்க."

பொறாமை! அதுவும் கோமளாவுக்கு இனித்தது.

மறுநாள் கடைக்குள் நுழைந்து, அலங்காரம் செய்தது யார் என்று கேட்டாள். கடைக்கார அம்மாள் உற்சாகமாக உள்பக்கம் திரும்பிக் கூப்பிட்டாள்: "ரகு!"

ஏப்ரன் கட்டிக்கொண்டு, கையில் ஈரம் சொட்ட வந்து நின்றான் ரகுநாதன்.

"கோடையிலேயே ஆபீஸ்ல நிறுத்திட்டாங்க, கோமு. வேற வேலை கிடைச்சதும் சொல்லலாம்னு இருந்தேன்."

கந்தர்வனோடா இத்தனை நாள் குடித்தனம் நடத்தினேன்! கோமளாவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

"உங்கப்பாகிட்ட மட்டும் இன்ஜினியர்னே சொல்லிடு" என்று கெஞ்சினான் அவன். "அதுக்காகத்தானே பொண்ணு கொடுத்தார்."

இந்தச் சந்தோஷத்தை அப்பாவிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வது?

"அப்பாகிட்ட இதைச் சொல்ல மாட்டேங்க" என்றாள் கோமளா, மெதுவாக.