கிளச்சுக்கு ஒரு கைப்பிடி

போர்த் தடையால் பெற்றோல் வராத யாழ்ப்பாணத்தில், பத்மாசினியின் வீட்டுக்குச் சோறு போட்ட மொறிஸ் மைனர் காருக்கு மண்ணெண்ணெயில் ஓடும் டீசல் எஞ்சின் ஏறியிருந்தது. புது எஞ்சினின் கிளச் தட்டு பழைய கியர்ப்பெட்டிக்குப் பொருந்தவில்லை. மெக்கானிக் ஏரம்பு இரண்டு தட்டுகளையும் வெட்டி ஒன்றாக்கி முடித்த நேரம், அவள் இன்னொன்று கேட்டாள்.

"ஏரம்பண்ணை, கிளச்சைக் கையாலையும் இழுக்கிற மாதிரி கியர்க் கம்போடை ஒரு பிடி வேணும்."

"மிதி இருக்கெல்லே?"

"அது இருக்கட்டும். பிடியும் வேணும்."

ஏரம்பு சிரித்தார். "உந்தக் கிளச் இறுக்கம்தான். பொம்பிளையளின்ரை காலுக்குச் சரிவராது. பேசாமல் ஒரு றைவரை வையும், பிள்ளை."

"என்ரை காலை நீங்கள் அளக்க வேண்டாம். செய்வியளோ, மாட்டியளோ?"

செய்தார். மறுநாள் பத்மாசினி ஏறியிருந்து, கிளச்சைக் காலால் ஒரே மிதியாய் மிதித்துக் கியரைப் போட்டாள். கார் நகர்ந்தது.

"அப்ப அந்தப் பிடி ஆருக்கு?" ஏரம்பு பின்னால் நின்று கத்தினார்.

உரும்பிராயில் வீட்டுப் படலைக்கு முன்னால் நிறுத்தி ஹோர்ன் அடித்தாள். மருதனார்மடச் சந்தியில் இந்தக் காரை நிறுத்தி வாடகைக்கு ஹயர் ஓடியவன் அவளுடைய கணவன் சீவரத்தினம். ஷெல் வீச்சில் இடது காலை இழந்த பிறகு படலை தாண்டாதவன், ஊன்றுகோலோடு வெளியே வந்தான். கார்க் கதவைத் திறந்து, அந்தப் பிடியை இழுத்து இழுத்துப் பார்த்தான்.

"தள்ளியிரும்," என்றான்.

"எங்கை போறியள்?"

"சந்திக்கு. என்ரை இடத்திலை ஆர் காரை விட்டிருக்கிறான் எண்டு பாக்க வேணும்."