பிரசவ வைராக்கியம்

இரண்டு புறாக்களில் சின்னதை அவளே நெஞ்சோடு அணைத்துப் பிடித்திருந்தாள்.

மற்றது கூடையில். கூடை கணவன் அசரியாவின் கையில்.

எருசலேம் ஆலயத்தின் உள்வாசலில் பெண்கள் வரிசை. பிள்ளை பெற்றவள் பலி கொண்டுவர வேண்டும் என்பது சட்டம். பிள்ளை பிழைத்ததா என்று சட்டம் கேட்பதில்லை. பெண் பிள்ளை என்றால் மட்டும் இரண்டு மடங்கு நாள் காத்திருக்கச் சொல்லும். செத்துப் பிறந்த பெண்ணுக்கும் அதே கணக்கு.

காத்திருந்து வந்திருக்கிறாள்.

முன்னால் நின்றவளின் தோளில் ஒரு குழந்தை பால் கக்கியது. பின்னால் நின்ற இவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

பெற்றதில் என்ன பாவம், அதற்கு எதற்குப் பலி? எந்தப் பெண்ணைக் கேட்டாலும் காரணம் சொல்வாள். எல்லாம் பிரசவ வைராக்கியம்தான். இனி இந்த மனுஷன் பக்கத்தில் படுக்கவே மாட்டேன் என்று வலியில் ஆண்டவர்மேல் ஆணையிடாதவள் யார்? வலி போனால் வைராக்கியமும் போய்விடும். ஆண்டவர் பேரில் சொன்ன சொல் அப்படிப் போகலாமா? அதற்குத்தான் புறா.

அவள் அந்த ஆணையை இடவில்லை.

இரண்டு உயிரில் ஒன்றுதான் தங்கும் என்று மருத்துவச்சி கையை விரித்தபோது, கூரையைப் பார்த்து அவள் சொன்னது வேறு.

இதை எடுத்துக்கொள். என்னை விட்டுவிடு.

ஆண்டவர் உடனே செவிகொடுத்துவிட்டார். இத்தனை வருஷம் பிள்ளை வரம் கேட்டபோது காது கேளாதவர்.

எந்தச் சொல்லுக்காகப் புறா என்று பலியிடும் ஆசாரியன் கேட்பான், சொல்லிவிடலாம் என்று வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்திருந்தாள். சொல்லிவிட்டால் புறாவோடு அதுவும் போய்விடும். அப்படித்தான் நம்பினாள்.

ஆசாரியன் வந்தான். அரும்புத் தாடி. ஒன்றும் கேட்காமல் இரண்டு புறாக்களையும் வாங்கிக்கொண்டு பலிபீடத்துக்குப் போனான்.

வாசலிலிருந்தே தெரிந்தது. கத்தி இல்லை. கட்டைவிரல் நகத்தைச் சின்னதின் பிடரியில் வைத்து அழுத்தினான்.

சத்தமே வரவில்லை. அவளுடைய மகளும் சத்தம் போடவில்லை.

கூடையில் இருந்ததும் நெருப்புக்குப் போனது. அவன் கையைத் துடைத்தபடி திரும்பி வந்தான்.

“வலியில சொன்னதெல்லாம் தீர்ந்துபோச்சும்மா. அடுத்த வருஷம் ஆம்பளப் புள்ளையோட வா.”

அவள் வாயைத் திறந்தாள். அதற்குள் அவன் அடுத்தவளிடம் கை நீட்டிவிட்டான்.

படிகளில் அசரியா அவள் கையைப் பிடித்துக்கொண்டான். நல்ல மனுஷன். இத்தனை நாளில் அவளை ஒரு சொல் சொன்னதில்லை.

“கட்டிலுக்குப் புதுக் கயிறு போட்டிருக்கேன்,” என்றான் கூச்சத்தோடு.

அவள் நின்றாள்.

உடம்பில் எங்கும் வலி இல்லை. புத்தி தெளிவாக இருந்தது. உதடு அசையாமல், ஆண்டவர் பேரைச் சொல்லி, எல்லாப் பெண்களும் இடும் அந்த ஆணையை இட்டாள்.