பன்னிரண்டாவது பூட்டு

பயிற்சிக்கு வந்த மெக்கானிக்குகள் பதினொரு பேர். எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையில் பம்பைத் தொடும் முன், வேறு யாரும் அதை ஓட்டிவிடாதபடி ஆளுக்கொரு பூட்டைச் சுவிட்சில் மாட்ட வேண்டும். வேலை முடிந்ததும் அவரவர் பூட்டை அவரவரே கழற்ற வேண்டும். ஆறு மாதமாகப் பயிற்சியாளர் அம்மா தொண்டை வற்றக் கத்தியது இதைத்தான்.

தேர்வு நாளில் பதினொரு பேரும் கழற்றிய பிறகும் சுவிட்சில் ஒரு பூட்டு தொங்கியது. அதில் கட்டியிருந்த அட்டையில் பூட்டியவர் பெயர் இல்லை. காயாத கிரீஸில் ஒரு கட்டைவிரல் ரேகை மட்டும் இருந்தது.

“வெட்டிப் போட்டுட்டு பம்பை ஓட்டுங்கம்மா, நேரமாகுது,” என்றார் மேலாளர்.

பயிற்சியாளர் கையைக் கட்டிக்கொண்டார். இவர்கள் என்ன செய்கிறார்கள், பார்ப்போம் என்று நின்றார். ‘சந்தேகம்’ என்று பட்டப்பெயர் வாங்கியிருந்த பெண்தான் குறுக்கே வந்தாள்.

“பூட்டுனவங்க வராம வெட்டக் கூடாது சார். யாருக்கோ வேலை இன்னும் முடியல.”

மற்ற பத்துப் பேரும் அவள் பக்கம் போய் நின்றார்கள். பயிற்சியாளருக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது.

பம்பை மறுபடி அங்குலம் அங்குலமாகப் பார்த்தார்கள். அடியில் வடிகால் மூடியைக் கையால் திருகியதோடு யாரோ விட்டிருந்தார்கள். ஓட்டியிருந்தால் கொதிக்கும் எண்ணெய் அத்தனை பேர் மேலும் பீய்ச்சியடித்திருக்கும். ஸ்பானர் போட்டு இறுக்கிவிட்டு நிமிர்ந்தால், சுவிட்சில் பூட்டைக் காணோம். பூட்டுகளை மாட்டிவைக்கும் சுவர்ப் பலகையில், யாருக்கும் ஒதுக்காத பன்னிரண்டாவது கொக்கியில், அது திறந்தபடி லேசாக ஆடிக்கொண்டிருந்தது.

பம்பு முனகாமல் ஓடியது. பட்டறை அதிரக் கைதட்டினார்கள்.

“எத்தனை பேர் தேறினாங்க?” மேலாளர் நெற்றியைத் துடைத்துக்கொண்டே கேட்டார்.

“பன்னெண்டு பேரும் பாஸ் சார்,” என்றார் பயிற்சியாளர்.