முதல் வகுப்பில் தேறிய சர்மிளா

எழுபது தாண்டியவர்கள் வேலையிலோ படிப்பிலோ இருந்தால்தான் ஆஸ்பத்திரியில் சேர்ப்பார்கள். ஆகவே எங்கள் தெருக் கிழங்கள் அத்தனை பேரும் ஆன்லைனில் பி.ஏ. வரலாறு படிக்கிறோம். பாஸானால் படிப்பு முடிந்துவிடும், மறுபடி சேர முடியாது என்பதால் எல்லோரும் கவனமாக ஃபெயிலாகிறோம். அதில் நான் மகாமேதை! அசோகருக்குச் சர்க்கரை வியாதி என்று நான் எழுதிய நாற்பது பக்கத்தைத் திருத்திய கம்ப்யூட்டர் மூன்று நாள் படுத்த படுக்கையாகக் கிடந்தது.

என் மனைவி சர்மிளாவுக்கு வாரம் இரண்டு டயாலிசிஸ். பிளஸ் டூவில் முதல் மார்க் வாங்கியும் கல்லூரிக்கு அனுப்பாமல் எனக்குக் கட்டிவைக்கப்பட்டவள். "எல்லாத்தையும் தப்பா எழுதிடுடி" என்று நூறு தடவை சொல்லித்தான் பரீட்சைக்கு உட்கார வைத்தேன்.

நேற்று ரிசல்ட் வந்தது. முதல் வகுப்பு.

"என்னடி பண்ணி வச்சிருக்க?"

"எல்லாம் தெரிஞ்ச கேள்விங்க. தப்பா எழுத கை வரல" என்றாள். "தொண்ணூத்தெட்டு, பாத்தீங்களா?"

இன்று டயாலிசிஸ் வண்டி எங்கள் வாசலில் நிற்கவில்லை.

பட்டமளிப்பு விழா அடுத்த மாதமாம். "அங்கிக்கு அளவு கேக்குறாங்க, டேப்பை எடுங்க" என்றாள்.

அளந்தேன். எல்லாவற்றிலும் இரண்டு அங்குலம் கூட்டியே எழுதினேன். அதற்குள் உடம்பு வீங்கிவிடும்.