தின்று தீர்த்த பணம்

“நான் சொன்னா நம்ப மாட்டீங்க மேடம். நீங்களே வந்து பாருங்க. அத்தனை பணத்தையும் தின்னே தீத்துட்டாங்க.”

ஜீப்பை ஓட்டிக்கொண்டே பாலசுப்பிரமணியம் இதை மறுபடியும் சொன்னார். ஏற்காடு கடைவீதியில் மளிகைக் கடை வைத்திருப்பவர். மேடம் மழையில் பஸ்ஸுக்குக் காத்திருக்க வேண்டாம் என்று, கடையை மகனிடம் விட்டுவிட்டு அவரே நாகலூருக்குக் கூட்டிவந்திருந்தார். ஊர்க் காரியத்தில் அவருக்கு அவ்வளவு அக்கறை.

பக்கத்தில் ஹேமலதா. சேலத்தில் ஓர் அறக்கட்டளையில் வேலை. கஷ்டப்படும் குடும்பங்கள் பிழைப்பை நிமிர்த்திக்கொள்ளட்டும் என்று அறக்கட்டளை இரண்டு தவணையாகப் பணம் கொடுக்கிறது. நேரே அவர்கள் பேங்க் கணக்கில் விழுந்துவிடும். ஆடியில் முதல் தவணை போயிற்று. இப்போது ஐப்பசி. போன பணம் என்னவாயிற்று என்று பார்த்து, ஹேமலதா சரி என்று சொன்னால்தான் அடுத்த தவணை.

வழியில் மற்ற வீடுகளைப் பார்த்தாயிற்று. கனகா ஆடு வாங்கியிருந்தாள். போட்டோ எடுப்பார்கள் என்று ஆடுகளைக் குளிப்பாட்டி வேறு நிறுத்தியிருந்தாள். சித்தன் பஸ் ஸ்டாப்பில் டீக்கடை போட்டிருந்தார். ஹேமலதாவுக்கு மனசு குளிர்ந்திருந்தது.

அருக்காணி வீட்டு வாசலில் ஒன்றுமே இல்லை. அவளும் புருஷன் சின்னத்தம்பியும் எஸ்டேட்டில் கூலி வேலை செய்கிறவர்கள். மழைக்காலத்தில் அந்த வேலையும் இருக்காது. பட்டப்பகலில் சின்னத்தம்பி கம்பளியைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தான். ஜீப்பைப் பார்த்ததும் அவசரமாக எழுந்தான்.

“பணத்தை என்னக்கா பண்ணீங்க?” என்று ஹேமலதா கேட்டாள்.

“சாப்பிட்டோங்க,” என்றாள் அருக்காணி.

நான் சொன்னேனா இல்லையா என்பதுபோல் பாலசுப்பிரமணியம் ஹேமலதாவைப் பார்த்தார்.

ஹேமலதாவுக்குச் சுருக்கென்றது. ஆடு, மாடு, தையல் மெஷின் என்று எதையாவது சொல்லியிருந்தால் போனில் தட்டிவிட்டுப் போயிருப்பாள். சாப்பிட்டார்கள் என்று மேலே எப்படிச் சொல்வது? வேறு ஒன்றும் வாங்கவில்லையா என்று கேட்டாள். அரிசி வாங்கினோம், பருப்பும் எண்ணெயும் வாங்கினோம், சின்னவளுக்குக் காய்ச்சல் வந்தபோது ஊசி போட்டோம் என்று அருக்காணி ஒளிக்காமல் சொன்னாள். மிச்சம் ஏதாவது இருக்கிறதா என்றதற்கு இல்லையென்று தலையாட்டினாள்.

“இதுக்குத்தான் சொன்னேன் மேடம். இவங்க கையில காசு குடுத்தா வயித்துக்குத்தான் போகும். அடுத்த தவணையை நிறுத்திட்டு, முன்னுக்கு வர்ற குடும்பமாப் பாத்துக் குடுங்க.”

சின்னத்தம்பியின் முகம் செத்துப்போயிற்று. அந்தத் தவணை வராவிட்டால் இந்த மாதம் அடுப்பு எரியாது. ஏதோ சொல்ல வாயெடுத்தவனை அருக்காணி கண்ணாலேயே அடக்கினாள்.

“மேடம், கொஞ்சம் பின்னால வந்து பாருங்க.”

பாலசுப்பிரமணியம் வாசலிலேயே நின்றுகொண்டார்.

வீட்டுக்குப் பின்னால் அவர்களுடைய அரை ஏக்கர் நிலம். சில்வர் ஓக் மரங்களில் மிளகுக் கொடி ஏறி, சரம் சரமாகப் பச்சை மிளகு தொங்கியது.

“வருசா வருசம் மழைக்காலத்துல எங்களுக்குச் சோத்துக்கு வழி இருக்காதுங்க. அதனால மொளகு கொடியில இருக்கறப்பவே ஏவாரிகிட்ட முன்பணம் வாங்கிருவோம். அவரு சொல்றதுதான் வெலை. சேலத்து வெலையில பாதிகூடத் தேறாது. தையில அவரு ஆளுங்க வந்து பறிச்சு மூட்டை கட்டறப்ப, நாங்க வேடிக்கை பாத்துக்கிட்டு நிப்போங்க.”

“இந்த வருஷம்?”

“இந்த வருசம்தான் நீங்க சோறு போட்டீங்களே. ஒருத்தர்கிட்டயும் கை நீட்டலைங்க. கார்த்திகை பொறந்தா காப்பிப் பழம் பறிக்கற வேலை வந்துரும். அது வரைக்கும் ஓட்டிட்டோம்னா, தையில நாங்களே பறிச்சு, காயவெச்சு விப்போம். எனக்குக் கலியாணம் ஆகி இந்த ஊட்டுக்கு வந்ததுல இருந்து, இந்த மொளகு எங்களுதா இருந்ததே இல்லீங்க.”

ஹேமலதா கொடியையே பார்த்துக்கொண்டு நின்றாள். சந்தோஷமாக இருந்தது. வாசலோடு திரும்பிப் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கப் பயமாகவும் இருந்தது.

அடுத்த தவணை இந்த வாரமே வந்துவிடும் என்று அவள் சொன்னதும், பின்னாலேயே வந்து நின்ற சின்னத்தம்பி கம்பளி நுனியால் முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

“ஏக்கா, அப்படி அடிமாட்டு விலைக்கு வாங்கினது யாரு?”

“பேரு எதுக்குங்க. பசிச்ச நேரத்துல அவரும் குடுக்கலைன்னா நாங்க என்ன பண்ணியிருப்போம்?”

வாசல் பக்கமிருந்து பாலசுப்பிரமணியம் குரல் கொடுத்தார். பெரிய மழை வருகிறதாம், உடனே கிளம்ப வேண்டுமாம். வந்து பார்த்தால் வானம் வெளுத்திருந்தது. அவர் ஜீப்பில் ஏறி, ஸ்டியரிங்கைப் பிடித்தபடி தயாராக உட்கார்ந்திருந்தார்.

ஹேமலதா ஏறிக்கொண்டாள். அருக்காணி அவர் பக்கமாகச் சுற்றி வந்து, தணிந்த குரலில்தான் சொன்னாள்.

“ஏனுங்கண்ணா, மனசுல ஒண்ணும் வெச்சுக்காதீங்க. இந்த வருசமும் மொளகை உங்களுக்கேதான் போடறோம். என்ன, காஞ்சதுக்கப்பறம், சேலத்து வெலைக்குங்க.”