ஒற்றை விசில்

முப்பது பேர் அணிவகுத்து நேராக மேஜரின் மேசையை நோக்கிப் போய்க்கொண்டிருந்தார்கள்.

பக்கவாட்டில் பத்தடி தள்ளி, அவர்களுக்குக் கட்டளை கொடுத்தபடி அவன் நின்றிருந்தான். இதுவரை எல்லாம் பிசகில்லாமல் நடந்திருந்தது.

இன்னும் ஒரே ஒரு கட்டளை. "தம்."

அதைச் சொன்னால் அணி நிற்கும். நின்றால் பரீட்சை முடிந்தது. சட்டைக் கையில் இரண்டு பட்டை மூன்றாகும். நாயக், ஹவில்தார் ஆகிவிடுவான்.

வருடத்தில் பத்து மாதம் டவுன் பஸ் கண்டக்டர். இரண்டு மாதம் பிராந்திய ராணுவத்தில் நாயக். இந்த வருடம் விட்டால் வயது தாண்டிவிடும்.

பூங்கோதைக்கு அந்தக் கவலையெல்லாம் கிடையாது. மூன்றாவது பட்டையையும் சேர்த்துத் தைத்து, இஸ்திரி போட்டு, ஒரு சட்டையைப் பெட்டியின் அடியில் வைத்தே புருஷனை அனுப்பியிருந்தாள். அவள் அவசரம் அவளுக்கு.

அவன் நெஞ்சு நிறைய மூச்சை இழுத்தான். வாயைத் திறந்தான்.

காற்றுதான் வந்தது.

முகாமுக்கு வருவதற்கு முந்தைய நான்கு நாளும் தைப்பூச ஸ்பெஷல் பஸ். படிக்கட்டு வரை கூட்டம். "உள்ள போங்க, உள்ள போங்க" என்று கத்தியே தொண்டையைக் காலி செய்திருந்தான். மிளகும் பனங்கற்கண்டும் மென்று ஒப்பேற்றி வந்த குரல், சரியாக இந்த இடத்தில் காலை வாரிவிட்டது.

இன்னொரு தரம் முயன்றான். கீச்சென்று ஏதோ வந்தது. அதுவும் அவனுக்கு மட்டும்தான் கேட்டது.

அணி போய்க்கொண்டே இருந்தது.

கட்டளை வராமல் நிற்கக் கூடாது. எதிரே சுவர் வந்தாலும் போய் முட்ட வேண்டும். போன வருட முகாமில் அவனே அப்படித்தான் பழக்கியிருந்தான். முன்வரிசையில் பால் சொசைட்டி கிளார்க், டைல்ஸ் ஒட்டுகிறவர், ஒரு பல் டாக்டர். ஒரு தலைகூடத் திரும்பவில்லை.

படுபாவிகள், என்ன அழகாக நடக்கிறார்கள். அந்த நேரத்திலும் அவனுக்குப் பெருமையாக இருந்தது.

மேசைக்குப் பத்தடி. அதன்மேல் மதிப்பெண் தாள், மேஜரின் டீ.

ஏழடி.

கை தானாகச் சட்டைப் பைக்குப் போனது. பத்தொன்பது வருடப் பழக்கம். எந்தச் சட்டையைப் போட்டாலும் பையில் விசில் இருக்கும்.

ஊதினான்.

ஒரே ஒரு விசில். ஸ்டாப்பிங் வந்தால் ஊதுகிற அதே விசில்.

அறுபது பூட்ஸும் ஒரே சத்தத்தில் நின்றன.

புழுதி மட்டும் நிற்காமல் போய் மேசைமேல் படிந்தது. டீ ஆடியது. சிந்தவில்லை.

பட்டாளத்தை டவுன் பஸ் மாதிரி நிறுத்திய முதல் ஆள் அவனாகத்தான் இருப்பான். பட்டை போச்சு. ஆனாலும் நின்றுவிட்டார்களே. ஒரு கால் பிசகவில்லையே. உள்ளே துள்ளிய சந்தோஷத்தை அவனால் அடக்க முடியவில்லை.

மேஜர் அவனைப் பார்த்தார். அணியைப் பார்த்தார்.

எழுந்தார்.

டீயை ஒரு கையில் எடுத்துக்கொண்டு, மறுகையால் மேசையை ஓரமாக இழுத்துப் போட்டார். பிறகு நாற்காலியையும்.

வழிவிட்டு நின்றுகொண்டு கேட்டார்.

"நிறுத்தியாச்சு. வண்டிய எப்படி எடுப்பீங்க?"

அவன் விசிலை மறுபடி உதட்டில் வைத்தான்.

இரண்டு.

அணி கிளம்பியது. மேஜர் பேனா மூடியைக் கழற்றினார்.

அவனும் கூடவே நடந்தான். பெட்டியின் அடியில் அந்தச் சட்டை கசங்காமல் இருக்க வேண்டுமே என்று இருந்தது.